எனக்குப் பிறகு உட்கார்ந்தவன்

அன்றைக்கு ஆற்றங்கரையில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். செத்துப்போன பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன். அடுத்து நான். எங்கள் சித்தப்பா மகன், என்னைவிட மூன்று வயது இளையவன். அண்ணனுக்கு உருமாத் துணியைத் தலையில் கட்ட வந்திருந்த அவருடைய மைத்துனர். பஸ் ஸ்டாப்பில் சலூன் வைத்திருப்பவர். சாமான் ஏற்றி வந்த ஆட்டோக்காரர். அவர் கரைக்கு மேலே ஆட்டோவிலேயே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார், கீழே இறங்கவே இல்லை.

இந்த ஆறு பேரையும் பிறகு நான் எத்தனை தரம் எண்ணியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மோட்டார் போடப் போனால் எண்ணுவேன். சோறு பிசையும்போது எண்ணுவேன். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

பெரியப்பா செத்துப் பதினாறாம் நாள். சின்னமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். பதினாறு நாளும் பங்காளிகள் முகம் வழிக்கக் கூடாது. பதினாறாம் நாள் ஆற்றில் வைத்து வயது வரிசைப்படி வழித்துவிட்டு முங்கி எழ வேண்டும். இது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் வகையறாவில் இன்னொன்றும் உண்டு. எத்தனை பங்காளி உட்கார்ந்தாலும் ஒரே பிளேடுதான். அத்தனை பேர் தீட்டும் அந்த ஒரு பிளேடில் கழிந்து, அது ஆற்றோடு போய்விட வேண்டும். தனிப் பிளேடு கேட்டால், பங்காளி உறவையே வெட்டிக்கொண்டான் என்று பேசுவார்கள்.

சலூன்காரர் முதலிலேயே சொன்னார். "ஆளுக்கு ஒன்னு மாத்திருவோம்ணே. பாக்கெட் முழுசா கொண்டாந்திருக்கேன்."

"பழக்கம்னு ஒன்னு இருக்குல்லப்பா" என்றார் அண்ணன்.

அண்ணனுக்குத் தலையும் முகமும் வழித்தாயிற்று. அடுத்து நான். பதினாறு நாள் தாடி, அண்ணன் தலையில் ஓடிக் களைத்த பிளேடு. காதுக்குக் கீழே தாடை எலும்பில் பிடுங்கிவிட்டது. ரத்தம் கழுத்துவரை வந்தது. படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு எழுந்தேன்.

சித்தப்பா மகன் உட்காரவில்லை. எங்கள் யாரையும் பார்க்காமல் சலூன்காரரிடம் சொன்னான்: "எனக்கு மட்டும் புதுசு போடுங்க."

அவனும் நானும் பேசி நாலு வருடம் ஆகியிருந்தது. பொதுக்கிணறு, ஒரு நாள் அவன் மோட்டார், ஒரு நாள் என் மோட்டார். அந்த முறையில் வந்த சண்டை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"கெணத்துல முறையப் பிரிச்சாச்சு. பிளேடையும் பிரிச்சுட்டாச் சோலி முடிஞ்சுரும்."

அண்ணனின் மைத்துனர் சிரித்துவிட்டார். அண்ணன் மட்டும், "உக்காருப்பா, ஒரே ரத்தந்தான" என்றார்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தான். அவனுக்கு மோவாயில் ஒரு வெட்டு, கன்னத்தில் ஒன்று. பிளேடைச் சலூன்காரர் தண்ணீரில் எறிந்தார். நாங்கள் முங்கி எழுந்து உருமா கட்டி வீட்டுக்கு வந்து கறிச்சோறு சாப்பிட்டோம்.

பத்து நாள் கழித்து அண்ணனிடமிருந்து போன். அவருக்குக் குடலிறக்கம், ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர், காரியம் முடிந்ததும் ஆப்பரேசன் செய்து கொள்ளத் தேனிக்குப் போயிருந்தார்.

"ஆப்பரேசனத் தள்ளி வச்சுட்டாகப்பா. ரத்தத்துல காமாலைக் கிருமி இருக்காம். ஏ, பி, சின்னு இருக்குதாம்ல, எனக்கு சியாம்."

"காமாலைன்னா கண்ணு மஞ்சளா இருக்கணுமேண்ணே."

"அதத்தான் நானும் கேட்டேன். கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. உள்ளுக்குள்ள இருக்குன்றாக. எனக்கென்ன தெரியும்."

"சாப்பாட்டுல தண்ணியில பரவுமா?"

"அதெல்லாம் இல்லையாம். ரத்தத்துல ரத்தம் பட்டாத்தானாம்."

போனைப் பிடித்திருந்த கையின் சுண்டுவிரல் தாடையில் காய்ந்திருந்த பொருக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சரி, அப்பறம் பேசுவோம்" என்று வைத்துவிட்டார்.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன். படிக்கத் தெரியும், வேகமாக வராது. போனில் மைக்கை அழுத்தி, கிருமி பட்டால் எத்தனை நாளில் நோய் தெரியும் என்று கேட்டேன். இரண்டு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் என்றது. கீழே இன்னும் என்னென்னவோ எழுதியிருந்தது. நான் அந்த முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன். அதைத் தாண்டிப் படிக்கத் தைரியம் இல்லை. இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று மட்டும் கணக்குப் போட்டேன். அம்மை போட்டால் மூன்றாம் தண்ணீர் என்று நாள் எண்ணுகிற மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலமே வண்டிக் கண்ணாடியில் கண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். வெயிலில் ஒரு நிறம், வீட்டு பல்பில் ஒரு நிறம். சிறுநீர் மஞ்சளாக இருந்தால் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பேன். முகம் வழித்த பதினோராம் நாள் காலையில் நகக்கண் பூராவும் மஞ்சள். தோட்டத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடித்த அடியில் திராட்சைப் பந்தல் ஆடுவது போல இருந்தது. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "நேத்துக் கந்தகம் கரைச்சீகள்ல, சோப்புப் போட்டீகளா?" என்றாள். சோப்புப் போட்டதும் போய்விட்டது. அப்போதுதான் அவளிடம் விசயத்தைச் சொன்னேன். "இப்பிடி உருகிச் சாகுறதுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துத் தொலைங்களேன்" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு லேபுக்குப் போனேன். சின்ன அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு இருபது நிமிடம் உட்காரச் சொன்னார்கள். லேப்காரர் அட்டையை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். ரெண்டு கோடு. ரெண்டும் நல்ல அழுத்தமாக.

"சி பாசிட்டிவ்னு காட்டுதுண்ணே. தேனிப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க, அங்கன மாத்திரை ப்ரீயாத் தர்றாக."

வெளியே வந்து பேக்கரி முன்னால் நின்றேன். பன்னிரண்டே நாள். பிறந்ததிலிருந்து கூட வளர்ந்த அண்ணனை அன்றைக்கு நான் மனதுக்குள் பேசிய பேச்சை எழுத முடியாது. பெரிய மனிதர், பழக்கம் என்றார், ஒரே ரத்தம் என்றார், தன் நோயை என் தாடையில் ஏற்றிவிட்டார். பஸ்ஸில் வீரபாண்டி தாண்டும்வரை இதே பேச்சுத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயது. சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எதுல தொத்துச்சுன்னு நினைக்கிறீங்க?"

"பன்னண்டு நாளைக்கு முன்ன மேடம். ஆத்துல முகம் வழிச்சப்ப. எனக்கு முன்ன உக்காந்தவருக்கு இந்தக் கிருமி இருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுல வந்திருக்காது."

"ரத்தம் வந்துச்சு மேடம். கழுத்து வரைக்கும் வந்துச்சு." எப்படியாவது அதில்தான் வந்தது என்று ஒத்துக்கொள்ளுங்கள் எனக் கெஞ்சுகிற மாதிரி இருந்தது என் குரல்.

"ஐயா, அந்த அட்டை கிருமியைப் பாக்குறது இல்ல. கிருமியை எதுத்து உங்க உடம்பு ஒன்னு உண்டாக்கும், அதைத்தான் பாக்குது. அதை உண்டாக்க உடம்புக்கு ரெண்டு மாசம், மூணு மாசம்கூட ஆகும். பன்னண்டு நாள்ல கோடு இப்படி விழாது. இது பழசு."

"எம்புட்டுப் பழசு?"

"அதைப் பாக்கணும்."

கேள்வி கேட்டார். ஆப்பரேசன் நடந்திருக்கிறதா, ரத்தம் ஏற்றினார்களா, பச்சை குத்தியிருக்கிறதா, ஒரே ஊசியில் பல பேருக்குப் போட்ட இடத்தில் எப்போதாவது போட்டுக்கொண்டீர்களா. கடைசிக் கேள்வியில் எனக்கு மலை ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடத்தை விட்டதும் என்னை அண்ணனோடு ஜீப்பில் ஏற்றி மலைக்கு அனுப்பினார்கள். குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம். எனக்குப் பதிமூன்று வயது. சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் ஒரு கம்பவுண்டர் வருவார். குளிருக்கும் அட்டைக்கடிக்கும் மருந்து நெடிக்கும் சேர்த்து ஒரு சத்து ஊசி. போட்டுக்கொண்டால்தான் திங்கட்கிழமை எழுந்து வேலை செய்ய முடியும் என்று நாங்கள் நம்பினோம். போடாத வாரம் உண்மையிலேயே உடம்பு வலித்தது. கண்ணாடிச் சிரிஞ்சு, ஒரே ஊசி, கெட்டிலில் வெந்நீர். ஒருத்தருக்குப் போட்டுவிட்டு வெந்நீரில் ஒரு அலசு அலசுவார், அடுத்த ஆள். "வேதனயில்லா, வேதனயில்லா" என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே குத்துவார். வரிசையில் அண்ணன் முன்னால், நான் பின்னால். ரெண்டு வருடம்.

"அதுவா இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "உறுதியாச் சொல்ல முடியாது. உங்க அண்ணனுக்கும் உங்களுக்கும் ஒரே இடத்துல வந்திருக்கலாம்."

இன்னொரு ரத்தம் எடுத்தார்கள், கிருமி இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. வயிற்றில் ஒரு மிசினை வைத்து டக் டக் என்று தட்டினார்கள். அடுத்த வாரம் போனேன். கிருமி நிறைய இருந்தது. கல்லீரல் லேசாக இறுக ஆரம்பித்திருக்கிறது, இந்த அளவுக்கு வர இருபது முப்பது வருடம்கூட ஆகும் என்றார்.

எனக்கு இப்போது ஐம்பத்தொன்று. முப்பத்தெட்டு வருடம். அதற்குள் கல்யாணம் பண்ணினேன், பிள்ளை பெற்றேன், கிணறு வெட்டினேன், சண்டை போட்டேன். இத்தனைக்கும் அது உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறது. தலைவலி வந்தாலே பெரிய வியாதி என்று பயப்படுகிறவன் நான். கொசுக்கடியைக்கூடத் தடவிப் பார்ப்பேன். எனக்குத் தெரியாமல், எனக்குள்ளேயே.

"ஒன்னுமே தெரியலையே மேடம்."

"பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது. ஆரம்பத்துல தெரிஞ்சா ரெண்டு வாரத்துல இருந்து ஆறு மாசத்துக்குள்ள காய்ச்சல், அசதி, வாந்தி, கண்ணு மஞ்சளாகுறதுன்னு எதாவது வரலாம். நிறையப் பேருக்கு அதுவும் வராது. அப்புறம் அது பாட்டுக்கு உள்ள இருந்து கல்லீரலைத் தின்னும். நீங்க பயப்படாதீங்க. மூணு மாசம் தினம் ஒரு மாத்திரை. கிட்டத்தட்ட எல்லாருக்கும் போயிருது."

போய்விடும் என்று அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. ஏனென்றால் அதற்கு அடுத்து ஒன்று சொன்னார். "உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. உங்க ரத்தம் வேற யாருக்காவது பட்டிருக்க வாய்ப்பு இருந்தா அவங்களையும்."

பத்து நாளாக நான் எனக்கு முன்னால் உட்கார்ந்தவரைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்தவனை எண்ணவே இல்லை. அவன் புதுப் பிளேடு கேட்டான். வேண்டாம் என்று அவனை உட்கார வைத்தது என் வாய்.

"சவரத்துல வர வாய்ப்பு கம்மிதான்" என்றார் டாக்டரம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு. "ஆனா ரெண்டு பேருக்கும் வெட்டுப்பட்டிருக்குன்றீங்க. இல்லைன்னு சொல்ல முடியாது."

என்னைப் போன்ற ஆளுக்குக் கம்மி என்கிற சொல் நிற்காது. இல்லைன்னு சொல்ல முடியாது என்பதுதான் நிற்கும்.

என் மனைவிக்குப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டு எனக்கும் இருக்கிறது, பழசு என்று சொன்னேன். மலை ஊசியைச் சொன்னதும் அவர், "அந்தக் கம்பவுண்டருக்கு நாம கோழி எல்லாம் குடுத்து விட்டோம்ப்பா" என்றார். சலூன்காரரிடம் போய்ச் சொன்னேன், அவர் கையிலும் கீறல் இருந்திருக்கலாம் என்று. "அன்னைக்கே சொன்னேன்லண்ணே" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாளே போய்ப் பார்த்துக்கொண்டார். அவருக்கு இல்லை.

சித்தப்பா மகனிடம் மட்டும் சொல்லவில்லை.

இதை ஒளிக்க விரும்பவில்லை. நாலு நாள் சொல்லாமல் இருந்தேன். எனக்கு ஒரு யோசனை வந்தது: அவனுக்கு ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்போம், தெரிந்தால் சொல்வோம், தெரியாவிட்டால் எதற்கு வீணாக. அவன் வீடு எங்கள் தெருவிலேயே கீழ்க்கோடியில் இருக்கிறது. காலையில் டீக்கடையில் அவன் உட்காரும் பெஞ்சுக்கு எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்து அவன் கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. அடுத்த நாள் அவன் முறை. கிணற்றுப் பக்கம் போய்ப் பார்த்தேன். திராட்சைப் பெட்டியைத் தூக்கி வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அசதி ஏதும் இல்லை. மூன்றாம் நாள் டீக்கடைக்காரரிடம் கேட்டான், நான் கேட்கிற மாதிரி: "எதுத்தாப்புல இருக்கவருக்குக் கண்ணுல எதுவும் கோளாறா? முறைச்சுக்கிட்டே இருக்காரு."

நாலாம் நாள் காலையில் முதல் மாத்திரையை விழுங்கக் கண்ணாடி முன்னால் நின்றேன். என் கண்ணும் வெள்ளையாகத்தான் இருந்தது. அவன் கண்ணைவிட வெள்ளையாக. முப்பத்தெட்டு வருடம் இப்படித்தான் இருந்திருக்கிறது. நான் யார் கண்ணில் என்னத்தைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. கையில் இருந்த செம்பு சரிந்து தண்ணீர் சட்டையில் கொட்டியது. ஈரச் சட்டையோடேயே இறங்கிப் போனேன்.

நாலு வருடம் கழித்து அந்த வாசலில் நிற்கிறேன். அவன் மனைவி முற்றத்தில் வெங்காயம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே பார்த்துச் சொன்னாள்: "ஏங்க, மேல வீட்டுப் பெரியவக வந்திருக்காக."

உள்ளிருந்து அவன் குரல். "முறை நாளைக்குத்தான்னு சொல்லு."

"கெணத்து விசயம் இல்லடா" என்றேன்.

மருந்தடிக்கும் ஸ்பிரேயரைப் பிரித்துப் போட்ட கையோடு வெளியே வந்தான். "பெறகு என்ன, ஓட்டுக் கேட்டு வந்தியா?"

வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க மனதில் அடுக்கி வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் கலைந்துவிட்டது. அண்ணனுக்கு இருக்கிறது என்றேன், எனக்கும் இருக்கிறது என்றேன், பிளேடு என்றேன், ஊசி என்றேன். அவன் ஒன்றும் புரியாமல் நின்றுவிட்டு, பிளேடு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டான். கிரீஸ் படிந்த கை மோவாய்க்குப் போனது. வெட்டு ஆறி வெள்ளைக் கோடாக இருந்தது.

"நான் புதுசு கேட்டேன்" என்றான்.

"கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

நான் அவன் மனைவியைப் பார்த்தேன்.

"என்ன சொன்னன்னு சொல்லு. எம் பொண்டாட்டி கேக்கட்டும்."

அந்த முற்றத்தில் நின்று, அவன் மனைவி கேட்க, ஆற்றங்கரையில் சொன்ன அதே வார்த்தையை நான் திருப்பிச் சொன்னேன். கிணற்றில் முறையைப் பிரித்தது, பிளேடைப் பிரிப்பது, சோலி முடிவது. அன்றைக்கு எல்லோரும் சிரித்த வார்த்தை. இப்போது வெங்காயத்தில் கோழி கிளறுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் அதை விரட்டவில்லை.

"இப்ப இவுகளுக்கு என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

"வந்திருந்தாலும் மாத்திரை இருக்கும்மா. வந்திருக்கான்னு பாக்கணும்."

"எனக்கு ஒன்னும் இல்ல" என்றான் அவன். "நேத்து நாப்பது பெட்டி தூக்கியிருக்கேன்."

"எனக்கும் ஒன்னும் இல்லடா. முப்பத்தெட்டு வருசமா ஒன்னும் இல்ல."

அவன் படியில் உட்கார்ந்தான். "அதுக்குத்தான் டீக்கடையில என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தியா?" என்றான். ஆமாம் என்றேன். "நாலு நாளு" என்றான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றுவிட்டான். வரிசையில் யாராவது பார்த்தால் வியாபாரி அவன் தோட்டத்துக்குப் பழம் வெட்ட வர மாட்டான் என்று பயம். அது தப்பு, தொட்டால் ஒட்டாது, பழத்தில் ஒட்டாது என்று நான் எவ்வளவோ சொன்னேன். "உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வியாபாரிக்குத் தெரியுமா?" என்றான். தேனியில் ஒரு தனியார் லேபுக்குப் போனான். முதல் டெஸ்ட் சுத்தம். எனக்கு உயிர் வந்தது. அதை டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னால், "இப்பப் பாத்தா சுத்தமாத்தான் இருக்கும். முன்னாடி அவருக்கு இல்லைன்னு தெரியுது, அவ்வளவுதான். ஆறாவது வாரம் கிருமியையே தேடுற டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி இந்த அட்டை" என்றார். வந்த உயிர் போனது.

அப்புறம் நடந்ததெல்லாம் காத்திருப்புத்தான். நான் தினம் மாத்திரை போட்டேன், தினம் அவனைப் பார்த்தேன். கிணற்று மேட்டில் என்னைக் கண்டால் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டுவான். "வா, பாத்துக்க. இன்னைக்கு என்ன கலரு?" கூலிக்கு வந்த ஆட்கள் எங்களைப் பார்த்து, இவர்கள் எப்போது ராசியானார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ராசி எல்லாம் இல்லை.

ஐந்தாம் வாரம் அவன் மனைவி ஓடி வந்தாள். "அவுகளுக்குக் காய்ச்சல். எந்திரிக்க முடியல. வாந்தி." ரெண்டு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் நடுவில் ஐந்தாம் வாரம். டாக்டரம்மா சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்கிறது. செருப்புப் போடாமல் ஓடினேன். போர்வைக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "வந்துட்டான்யா எமன்" என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது வெறும் விசக் காய்ச்சல். அந்த வாரம் எங்கள் தெருவில் பாதி வீட்டில் இருந்தது, எனக்கும் ரெண்டு நாள் கழித்து வந்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நான் அவனுக்குச் செய்ததை முழுசாகப் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் யாராவது காய்ச்சல் என்றால் முதலில் எனக்கு அந்தப் போர்வைதான் தெரிகிறது.

ஆறாம் வாரம் கிருமி டெஸ்ட். இல்லை என்று வந்தது. அவன் நிம்மதியானான், நான் ஆகவில்லை. அண்ணன் மாத்திரையை முடித்து, குடலிறக்க ஆப்பரேசனும் செய்து, பனியன் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தார். எனக்கும் மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் கிருமி இல்லை என்றார்கள். டாக்டரம்மா கைகொடுத்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் அழுதாள். நான் அழவில்லை. இன்னும் ஒரு சீட்டு பாக்கி இருந்தது.

அது வந்த அன்றைக்கு அவன் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டான். கவர் பிரிக்காமல் கையில் இருந்தது.

"வாசி."

"நீ வாசி. இங்கிலீசா இருக்கும்."

"நீ ஏழாப்பு. நான் அஞ்சாப்பு. நீதான் படிச்ச ஆளு, வாசி."

பிரித்தேன். எழுத்து எல்லாம் ஈசல் மாதிரி பறந்தது. ஆறு மாதமாக எத்தனையோ சீட்டைப் பார்த்திருந்ததால் எந்த வரியில் பார்க்க வேண்டும் என்று மட்டும் விரலுக்குத் தெரிந்தது. என் சீட்டில் ஒரே வார்த்தை இருந்த இடத்தில், அவன் சீட்டில் அதற்கு முன்னால் இன்னொரு சின்ன வார்த்தை இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். நான்-ரியாக்டிவ்.

"அப்பிடின்னா?"

"இல்ல. உனக்கு இல்ல."

"நல்லாப் பாரு."

மூன்று தரம் பார்த்தேன். அவன் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தான். மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு பீடி பற்ற வைத்தான். ரெண்டு இழுப்புக்குமேல் இழுக்கவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை, மன்னிச்சுட்டேன் என்று சொல்லவும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. பீடியை அணைத்துவிட்டு அதே பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தான். அவன் மகள் கையெழுத்தில் எழுதிய கணக்கு.

அட்டை டெஸ்ட் ரெண்டு தரம், தொள்ளாயிரம். கிருமி டெஸ்ட் நாலாயிரத்து இருநூறு. தேனிக்குப் புருசனும் பெண்டாட்டியும் போய்வந்த பஸ் செலவு நூற்றெண்பது. வேலை கெட்ட நாள் ரெண்டு, ஆயிரத்து நானூறு. கடைசியில், காய்ச்சல் வந்த அன்றைக்கு அவன் மனைவி நேர்ந்துகொண்ட சேவல், ஆயிரத்து நூறு.

"சேவலுமாடா?"

"உன்னாலதான நேந்துச்சு. நேந்தது நெசம், அறுத்தது நெசம்."

"அந்தக் கறியில எங்களுக்கு ஒரு கிண்ணந்தானடா வந்துச்சு."

"கிண்ணத்துக்குத் தனியாப் போடலையேன்னு சந்தோசப்படு."

மொத்தம் ஏழாயிரத்து எழுநூற்று எண்பது. அன்றைக்கே வீட்டில் இருந்த மூவாயிரத்தைக் கொடுத்தேன். திராட்சை வெட்டின பிறகு ரெண்டாயிரம். அடுத்த வெட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவனுக்கு நான் தர வேண்டியது இன்னும் இரண்டாயிரத்து எழுநூற்று எண்பது ரூபாய்.